காதில் விழவில்லை

பெரியமேட்டில் ஒரு ஷூ கம்பெனி மூடியபோது
வரிசையில் ஏழாவதாக நின்றது இது.
மேசையோடு பதினோராயிரம்.
நெற்றியில் ஒட்டிய எண் இன்னும் உரியவில்லை.
மீன்பாடி வண்டியில் படுக்கவைத்துக் கயிறு கட்டி
புளியந்தோப்புக்குக் கொண்டுவந்தோம்.
டிமெல்லோஸ் ரோடு பள்ளத்தில் மட்டும்
நான் இறங்கித் தள்ளினேன்.

முதல் ஞாயிறு முழுக்கத் துடைத்தேன்.
எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் இல்லை,
அல்வா இருந்தது;
நூல் பொடியும் தோல் தூசும் கிண்டிய அல்வா.
கரண்டியால் வழித்து, மண்ணெண்ணெய் ஊற்றி,
பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் பல்லைத் துலக்கினேன்.
இடுக்கில் ஒரு கறுப்புத் தோல் நறுக்கு,
எந்த ஊர்க் காலுக்குப் போன மிச்சமோ.

தையல் விட்டு விட்டு விழுந்தது.
ஊசி அடிமட்டம் தொட்டு
ஒரு நூலளவு மேலே திரும்பும் நொடியில்
கொக்கியின் மூக்கு வந்து நூலைப் பிடிக்க வேண்டும்.
முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண்,
ஓடும் பஸ்ஸில் ஏறுவது மாதிரி.
மூன்று திருகைத் தளர்த்தி
டார்ச்சை வாயில் கவ்வி
கைச்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாய்ச் சுற்றினேன்.
வாயில் டார்ச் இருந்ததால்
திட்டக்கூட முடியவில்லை.

அப்புறம் ஆட்டோ சீட்டு, ஷேர் ஆட்டோ கூரை,
நாலு மடிப்பு ரெக்சின், இருபத்தொன்றாம் நம்பர் ஊசி,
ஆறு வருஷம்.

மோட்டார்தான் தொல்லை.
கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டால்
தைத்தாலும் உறுமும், தைக்காவிட்டாலும் உறுமும்.
நான் நூல் கோக்கும்போதும்
டீ ஆறும்போதும்
மீட்டர் அதற்காக ஓடிக்கொண்டிருக்கும்.
மூலை திரும்ப நாலு தையல் மெதுவாய்ப் போ என்றால்
நாற்பது பாயும்.
இடது கட்டைவிரல் நகத்தில் உள்ள துளை
அது போட்ட கையெழுத்து.

யானைக்கவுனியில் செர்வோ மோட்டார் வாங்கினேன்.
நாலாயிரத்து எழுநூறு.
"மிதிச்சா மட்டும்தான்கா கரண்டு குடிக்கும்"
என்றான் கடைப் பையன்.
மூன்று போல்ட்டில் ஒன்று சுழல மறுத்தது.
தேங்காய் எண்ணெய், சுத்தியல், கெட்ட வார்த்தை,
இந்த வரிசையில்.
சின்ன புல்லி. அதற்கேற்ற சின்ன பெல்ட்.
மிதித்தேன்.
ஒரு தையல்.
காலை எடுத்தேன்.
நின்றது.
நம்பாமல் இன்னொன்று.

அன்று மாலைதான் தெரிந்தது
எங்கள் ஃபேன் கிறீச்சிடும் என்று.
ரெஜினா வீட்டுக் குக்கருக்கு மூன்று விசில் என்று.
இவர் தன் தங்கையிடம் போனில் பேசுவது முழுக்கக் கேட்டது,
என் பெயர் வருகிற இடம் உட்பட.

செவ்வாய், காலை பத்து.
"பவுனக்கா!"
குழுக் கடன் வசூல் தம்பி.
ஆறு வருஷமாக அவனுக்கு ஒரே பதில்தான்:
"மெஷின் சத்தத்துல காதுல வுழலப்பா."
அந்தப் பதிலுக்கு முன்னால்
அவன் மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கும்.
மூன்று முறைக்குள்
பின்வாசல் வழியாகப் போய்
ரெஜினாவிடம் இருநூறு கைமாற்று வாங்கிவரலாம்.

இன்று முதல் கூப்பாடே
சுத்தமாக விழுந்தது.
விழுந்தது என்று அவனுக்கும் தெரிந்தது.
ரெக்சினுக்கு நடுவே ஊசி
மூச்சுக் காட்டாமல் நின்றது.

பழைய மோட்டார் பதினெட்டுக் கிலோ,
உள்ளே செம்பு,
காயலான் கடையில் நல்ல விலை போகும் என்கிறார் இவர்.
நான் விற்கவில்லை.
பெல்ட் இல்லாமல், எதையும் சுற்றாமல்
மேசைக்கடியில் கிடக்கிறது.
பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தேன்,
சத்தம் குறையாத அளவுக்கு.
புது பிளக்கும் மாட்டினேன்.

அடுத்த செவ்வாய், ஒன்பது ஐம்பது.
இடது சுவிட்ச்.

உறுமுகிறது.
மீட்டர் ஓடட்டும்.